சின்ன கிளாசிக் காருக்குக் குரோம் பட்டை: கிளிப்பா, டேப்பா, ரிவெட்டா?

பழைய மினி, பீட்டில், ஃபியட் 500 மாதிரி ஒரு சின்ன காரைச் சீர்செய்து முடிக்கிறவர்கள் கடைசியாக வந்து நிற்கும் இடம் வெளிப்புற அலங்காரம். பக்கவாட்டில் ஓடும் பட்டை, சக்கரத்துக்கு மேல் வளையும் வீல் ஆர்ச் விளிம்புக்கு ஒரு பளபளப்பு, கூரையோரக் கால்வாய்க்கு ஒரு மூடி, பின்னால் ஒரு பேட்ஜ். குரோம் நல்லதா எவர்சில்வர் நல்லதா என்றுதான் அப்போது எல்லோரும் கேட்கிறார்கள். நான் அதை இரண்டாவது கேள்வியாகத்தான் வைப்பேன். பட்டை தகரத்தில் எப்படிப் பிடித்து நிற்கப் போகிறது, நாளைக்கு அதைக் கழற்ற முடியுமா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

இந்தக் கார்களின் தகரம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன்தான். பட்டைக்குப் பின்னால் தண்ணீரும் மண்ணும் போய்த் தங்கினால் வெளியே ஒன்றும் தெரியாது. பட்டையின் ஓரத்தில் பெயிண்ட் கொப்பளித்து நம் கண்ணில் படும்போது உள்ளே துரு பாதி வேலையை முடித்திருக்கும். கழற்றிப் பார்க்க முடிகிற பட்டையாக இருந்தால் அதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம்.

முதலில், காரில் என்ன இருந்தது?

எதையும் வாங்கும் முன் காரைப் பாருங்கள். 1959-ல் மினி வெளிவந்தபோதே அடிப்படை மாடல் ஒன்று, டீலக்ஸ் ஒன்று என்று இரண்டு விதமாக விற்றார்கள். பளபளப்பு அதிகம் டீலக்ஸில்தான். பீட்டிலுக்கு 1949-ல் எக்ஸ்போர்ட் மாடல் வந்தபோது குரோம் எல்லாம் அதற்குப் போனது. ஸ்டாண்டர்டு மாடலின் பம்பருக்குக்கூடப் பெயிண்ட்தான். ஃபியட் 500-ன் கதை இன்னும் சுவாரஸ்யமானது. 1957 கோடையில் வந்த முதல் வடிவம் ரொம்பவே மொட்டையாக இருந்ததால் வாங்குவோர் தயங்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் கொஞ்சம் வசதியும் அலங்காரமும் சேர்த்து மறுபடி கொண்டுவர வேண்டியதாயிற்று. 1968-ல் வந்த 500 எல் மாடலில் பம்பரோடு சேர்த்துக் குழாய் வளைவுகளே வந்துவிட்டன.

ஆக, அலங்காரம் இல்லாத கார் என்றால் எதையோ இழந்த கார் என்று அர்த்தமில்லை. உங்கள் கார் பட்டையோடு பிறந்ததா என்று தெரியவில்லையென்றால் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். சீரான இடைவெளியில் சின்ன ஓட்டைகள் இருந்தாலோ, முன்பு பெயிண்ட் அடித்தவர் பட்டி வைத்து அடைத்த தடம் இருந்தாலோ விஷயம் தெளிவு. அடைத்ததை வெல்டிங் வைத்து மூடியிருந்தால் நல்லது. வெறும் பட்டி என்றால், பின்பக்கத்திலிருந்து ஈரம் ஏறி அது ஒருநாள் உப்பி வெளியே வரும். அப்படியானால் அந்த ஓட்டைகளை மறுபடி பயன்படுத்துவதே புத்திசாலித்தனம்.

கிளிப்

தொழிற்சாலையிலேயே போட்ட ஓட்டைகள் இருந்தால் கிளிப்தான், மறுபேச்சே இல்லை. பட்டையின் பின்பக்கம் உள்நோக்கி மடங்கியிருக்கும். கிளிப்பின் தலை அந்த மடிப்புக்குள் உட்காரும், கால் ஓட்டைக்குள் போய் விரிந்துகொள்ளும். வெயிலில் பட்டை கொஞ்சம் நீண்டாலும் கிளிப்பின் மேல் நழுவிக்கொள்ளும், எதுவும் பிய்யாது. பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால் கழற்றலாம், திரும்பப் போடலாம். பீட்டிலின் பக்கவாட்டுப் பட்டைகள் இப்படித்தான் நிற்கின்றன.

பலவீனம் ஓட்டையின் விளிம்பில் இருக்கிறது. இரும்புக் கிளிப் உள்ளே போகும்போதே பெயிண்டைச் சுரண்டிவிடும், துரு அங்கேதான் தொடங்கும். ஓட்டை விளிம்புக்குத் துத்தநாகம் கலந்த பிரைமர் தடவி, காய்ந்தபின் பெயிண்ட் தொட்டு, கிளிப்புக்கு அடியில் ரப்பர் வாஷர் வைத்து, துருவைத் தடுக்கும் மெழுகான கேவிட்டி வாக்ஸில் முக்கிப் போட்டால் அந்தக் கவலை பெரும்பாலும் தீரும். நைலான் கிளிப் கிடைத்தால் இன்னும் நல்லது. அது துருப்பிடிக்காது, பெயிண்டையும் கீறாது. வருடங்கள் போகப் போக மொறுமொறுப்பாகி உடையும், அவ்வளவுதான்.

கழற்றும்போது ஒரு முனையைப் பிடித்து இழுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அப்படி இழுத்தால் பட்டை மடங்கிவிடும். எவர்சில்வர் பட்டையில் விழுந்த மடிப்பை எடுப்பது பெரிய வேலை. ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்தில் அகலமான பிளாஸ்டிக் ஆப்பை வைத்து, பெயிண்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும்.

சரி, ஓட்டையே இல்லாத காரில் கிளிப் போடுவதற்காகப் புதிதாகத் துளைக்கலாமா? எனக்குச் சம்மதமில்லை. பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு துளை என்றால், துருவுக்கு அத்தனை கதவுகளை நாமே திறந்துவிடுகிறோம். துளைக்கும்போது விழும் இரும்புத்தூள் கதவின் அடியில் போய்ச் சேர்ந்து, வடிகால் ஓட்டைக்குப் பக்கத்தில் தானும் துருப்பிடித்து உட்கார்ந்திருக்கும். போதாதற்கு, மினியில் பெட்ரோல் டாங்க் டிக்கிக்குள் இடதுபக்கம் இருக்கிறது. கூப்பர் எஸ் மாடல்களில் பலவற்றுக்கு வலதுபக்கமும் ஒன்று உண்டு. பீட்டிலிலும் ஃபியட் 500-லும் டாங்க் முன்பக்கம். உள்ளே என்ன இருக்கிறது என்று கையால் தடவிப் பார்க்காமல் டிரில்லைத் தொடக்கூடாது.

விளிம்பில் செருகும் பட்டை

இது கிட்டத்தட்ட மினிக்காகவே வந்த பிரச்சினை. உற்பத்தி எளிதாகவும் மலிவாகவும் இருக்க வேண்டும் என்று மினியை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸின் குழு தகடுகளின் வெல்டிங் இணைப்புகளை வெளிப்பக்கமாக மடித்து விட்டது. அதனால் முன்னும் பின்னும் செங்குத்தாக ஓடும் அந்த விளிம்புகளும், கூரையைச் சுற்றிய கால்வாயும், கதவுக்கு அடியில் ஓடும் சில்லின் ஓரமும், வீல் ஆர்ச்சின் உதடும் செருகும் பட்டைக்கு இயல்பான இடங்கள். துளை வேண்டாம், பசை வேண்டாம், கையால் அழுத்தினால் போதும். விலையும் குறைவு.

ஆனால் நான் அதிகம் சந்தேகப்படுவது இதைத்தான். பளபளப்பான பிவிசி விளிம்புப் பட்டைகளில் பலவற்றின் வயிற்றுக்குள் இரும்புப் பற்கள் இருக்கின்றன. பிடி கிடைப்பது அவற்றால்தான். அந்தப் பற்கள் உதட்டின் பெயிண்டைக் கடிக்கும், ஈரம் வாய்க்காலில் தங்கும், டயர் எறிகிற சேறு மேலிருந்து அடைக்கும். வீல் ஆர்ச்சில் இதைப் போட்டு மறந்தவர்கள் சில வருடம் கழித்து இழுத்தால், பட்டையோடு விளிம்பும் சேர்ந்து வருவதைப் பார்க்கலாம்.

போடவே வேண்டுமென்றால் சில நிபந்தனைகள். விளிம்பு இரண்டு பக்கமும் முழுதாகப் பெயிண்ட் ஆகியிருக்க வேண்டும். பட்டையின் வாய்க்கால் நிறைய வாக்ஸ் வைத்து அழுத்த வேண்டும். தாழ்வான இடத்தில் தண்ணீர் வடிய ஒரு சின்ன வெட்டு விட வேண்டும். சில்லில் போடும்போது அடியிலுள்ள வடிகால் ஓட்டைகளை மூடிவிடக் கூடாது. மினியின் சில் அழுகுவதற்கு வேறு காரணமே தேவையில்லை, அது ஒன்று போதும். வாக்ஸுக்குப் பதில் சிலிக்கானை அடைப்பவர்கள் இருக்கிறார்கள். புளிச்ச வாடை அடிக்கும் சிலிக்கான் உலரும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். இரும்புக்கு அது ஆகாது. எந்த வகை சிலிக்கானாக இருந்தாலும், பிறகு அந்த இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் குழிகுழியாக விலகும்.

கூரைக் கால்வாயின் மேல் செருகும் எவர்சில்வர் பட்டை மட்டும் இதில் விதிவிலக்கு. அது சேற்றிலிருந்து தூரம், கழற்றிக் கழுவுவதும் எளிது, காரின் முகத்தையே மாற்றிவிடும். செங்குத்து விளிம்புகளுக்கான மூடிகளை ஆண்டுக்கொரு தடவை கழற்றிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் தாராளமாகப் போடலாம். அந்த விளிம்புகளை வெட்டிச் சமமாக்கி வெல்டிங் வைத்து வழவழப்பாக்குகிறார்கள் சிலர். பார்க்க அழகாக இருக்கலாம். ஆனால் அவை தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் இணைப்புகள். அலங்காரத்துக்காக அவற்றில் கை வைப்பது என் கணக்கில் சேராது.

டேப்

ஓட்டையில்லாத காருக்கு என் தேர்வு இதுதான். இரண்டு பக்கமும் ஒட்டும் சாதாரண ஃபோம் டேப்பைச் சொல்லவில்லை. அது வெயிலில் பிசுபிசுத்து ஒரு பருவத்திலேயே கைவிட்டுவிடும். வேண்டியது அக்ரிலிக் ஃபோம் டேப். த்ரீஎம் நிறுவனம் 1980-ல் விஹெச்பி என்ற பெயரில் கொண்டுவந்த வகை. இன்றைய கார்களின் பக்கவாட்டுப் பட்டைகளும் பேட்ஜ்களும் இந்த மாதிரி டேப்பில்தான் நிற்கின்றன. 1959-ல் செய்த காருக்கு இது காலத்துக்குப் பொருந்தாத பொருள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளியே தெரியாது, துளையும் விழாது.

டேப்பைக் குறை சொல்பவர்களின் அனுபவம் பெரும்பாலும் தயாரிப்பில் கெட்டது. புதுப் பெயிண்ட் தொட்டால் காய்ந்திருக்கும். உள்ளிருந்து கரைப்பான் வெளியேறிக்கொண்டே இருக்கும். டேப்பை உடனே ஒட்டினால் அந்த ஆவி அடியில் சிக்கி, பிடியையும் கெடுக்கும், பெயிண்டையும் இளக்கும். கெட்டியாக்கி கலந்து அடிக்கும் டூகே பெயிண்ட் என்றாலும் சில வாரம் பொறுப்பது நல்லது. அப்புறம் சுத்தம். பாலிஷும் வாக்ஸும் இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. முதலில் வாக்ஸ் நீக்கும் திரவம், பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு துடைப்பு, ஈரம் காயும் முன் வேறு துணியால் இன்னொரு துடைப்பு. அதன்பின் விரல் படக்கூடாது.

வெப்பநிலையையும் கவனிக்க வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே பசை விறைத்துப் போய் மேற்பரப்பில் படியாது. 20 முதல் 38 டிகிரி வரை சரியான நேரம். தகரத்தையும் பட்டையையும் ஹேர் டிரையரில் லேசாகச் சூடாக்கிக்கொள்ளலாம். இது அழுத்தத்தில் வேலை செய்கிற பசை. வைத்துவிட்டு வந்தால் ஒட்டாது, ரப்பர் ரோலரால் முழு நீளத்துக்கும் அழுத்த வேண்டும். இருபது நிமிடத்தில் பாதிப் பலம், ஒரு நாளில் ஏறக்குறைய 90 சதவீதம், 72 மணி நேரத்தில் முழுப் பலம் வரும். அதுவரை காரைக் கழுவாதீர்கள்.

பட்டை நீளும் சுருங்கும் விஷயத்தில் டேப்புக்கு ஓர் எல்லை உண்டு. ஒன்றரை மீட்டர் பட்டை, 40 டிகிரி வெப்ப வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியப் பட்டை தகரத்தைவிட முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவாகவே கூடுதலாக நீளும். எவர்சில்வர் அதைவிடக் குறைவு. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கோ கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் நீளும். நடுவிலிருந்து இரு பக்கமும் பிரிந்தால் முனைக்கு 2 மில்லிமீட்டர். இந்த வகை டேப் தன் தடிமனைப்போல் மூன்று மடங்கு வரை பக்கவாட்டில் இழுபட்டுக் கொடுக்கும். அதனால் 1.1 மில்லிமீட்டர் டேப் தாங்கிவிடும்; மெல்லிய டேப் தாங்காது. பிளாஸ்டிக் பட்டையின் முனைகள் முதலில் எழும்புவதற்கு இது ஒரு காரணம்.

பட்டையில் வளைவு இருந்தால் அது தானாகவே உடம்பின் வளைவுக்கு உட்கார வேண்டும். நிமிர்ந்த பட்டையை வளைத்து அழுத்தி டேப்பை நம்பினால் இரவும் பகலும் அது பிய்த்துக்கொள்ளவே பார்க்கும். முன்கூட்டியே வளைத்துக்கொள்ளுங்கள். கழற்றுவது கஷ்டம் என்று பயப்படவும் தேவையில்லை. சூடாக்கி, தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு அறுத்தால் வந்துவிடும், மிச்சப் பசை விரலால் உருட்ட உருட்டத் திரளும். மேல் அடுக்கு பலவீனமான பழைய பெயிண்டாக இருந்தால்தான் பெயிண்டும் சேர்ந்து வரும் ஆபத்து.

ரிவெட்டும் ஸ்குரூவும்

அலங்காரப் பட்டைக்கு ரிவெட் வேண்டாம். ஓர் இடத்தில் மட்டும் வாதம் மாறுகிறது: வீல் ஆர்ச்சை அகலமாக்கும் பிளாஸ்டிக் நீட்டிப்பு. 1984-ல் மினிக்கு 12 அங்குலச் சக்கரம் வந்தபோது அதோடு சேர்ந்தே வந்தது அது. கல்லும் சேறும் வேகமாக அடிக்கிற இடம், பொருளும் பெரியது, பிய்ந்து சக்கரத்தில் சிக்கினால் ஆபத்து. இங்கே டேப்பை மட்டும் நம்ப மாட்டேன்.

ஆனால் ரிவெட்டைவிட ஸ்குரூ மேல், கழற்றலாம் என்பதால். சாதாரண பாப் ரிவெட்டின் உடம்பு அலுமினியம், நடுவில் அறுந்து மாட்டிக்கொள்ளும் ஆணி இரும்பு. அந்த ஆணி துருப்பிடித்து, ஒவ்வொரு ரிவெட்டிலிருந்தும் பழுப்புக் கண்ணீர் வழியும். முனை மூடிய ரிவெட் ஓரளவு தப்பிக்கும். எதைப் போட்டாலும் நீட்டிப்புக்கும் தகரத்துக்கும் இடையில் வாக்ஸ் இருக்கட்டும், பிளாஸ்டிக்கில் துளை ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கட்டும், இறுக்கிப் பிடித்தால் வெயிலில் அது விரிசல் விடும்.

இனி, எதில் செய்தது

எவர்சில்வர்தான் என் முதல் விருப்பம். நெளிந்தால் பின்பக்கத்திலிருந்து மெல்லத் தட்டி எடுத்து, வாட்டர் பேப்பரில் கரடுமுரடிலிருந்து நைஸ் வரை தேய்த்து, பஃபிங் செய்தால் புதிதாகிவிடும். மேலும் கீழும் ஒரே உலோகம் என்பதால் தேய்க்கத் தேய்க்க எதுவும் உரிவதில்லை. காந்தம் வைத்துச் சோதிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்ப் பட்டைகளில் அதிகம் பயன்படும் 430 வகை எவர்சில்வரைக் காந்தம் இழுக்கும், ஆகவே ஒட்டினால் போலி என்று தூக்கி எறியாதீர்கள். பின்பக்கத்தைப் பார்ப்பதே நம்பகமான வழி. முலாம் பூசிய இரும்பு அங்கே துருவைக் காட்டிக்கொடுக்கும்.

குரோம் முலாமின் மினுமினுப்புக்கு எவர்சில்வர் ஈடாகாது. அதன் நீலச்சாயல் தனி அழகு. ஆனால் மேலேயுள்ள குரோம் ஒரு மைக்ரானைக்கூடத் தொடாத மெல்லிய படலம். துருவைத் தடுக்கும் வேலையைச் செய்வது அடியிலுள்ள நிக்கல்தான். மலிவுப் பட்டைகளில் மிச்சம் பிடிப்பது அந்த நிக்கலில். ஊசிமுனைத் துரு ஒன்று தெரிந்துவிட்டால் பாலிஷ் உதவாது, உரித்து மறுபடி முலாம் போட வேண்டும். கதவுக் கைப்பிடி, பேட்ஜ் மாதிரி வார்ப்புத் துத்தநாகச் சாமான்களில் குழி விழுந்தால் அந்த மறுமுலாமும் கடினம்.

அனோடைஸ் செய்த, அதாவது மின்சாரம் பாய்ச்சி மேலே கெட்டிப் படலம் உண்டாக்கிய, அலுமினியம் லேசானது, அடக்கமான வெள்ளி நிறம், பீட்டிலுக்கு அதுதான் பொருத்தம். காரச் சோப்புகள் அதை மங்கடித்துவிடும். மங்கியபின் படலத்தை முழுதாக எடுக்காமல் பளபளப்பு திரும்பாது. அலுமினியப் பட்டைக்கு எவர்சில்வர் ஸ்குரூ போட்டால், ஈரம் சேர்ந்ததும் அலுமினியம்தான் அரிக்கப்படும்.

பிளாஸ்டிக் குரோம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தினமும் ஓட்டும் காருக்கு, மலிவாக, சில வருடத்துக்கு என்றால் சரி. பிவிசியின் உள்ளே இருக்கும் பளபளப்புப் படலம் வெட்டிய முனையிலிருந்து உரியத் தொடங்கும்.

ஆக, ஓட்டையுள்ள பீட்டிலுக்கு ஒரிஜினல் பட்டையும் நல்ல கிளிப்பும். ஓட்டையில்லாத மினிக்குக் கூரைக் கால்வாயில் எவர்சில்வர், பக்கவாட்டில் ஆசை இருந்தால் டேப்பில் ஒன்று, வீல் ஆர்ச் உதட்டில் ஒன்றுமே வேண்டாம். தெருவில் நிற்கும் காருக்கும், மழை நிறையப் பார்க்கும் காருக்கும் இதையே இன்னும் கறாராகச் சொல்வேன். கூரைக்கடியில் நின்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் கார் என்றால் எதைப் போட்டாலும் பெரிய தப்பில்லை. பேட்ஜ் விஷயத்தில் குழப்பமே வேண்டாம்: பழைய ஓட்டை இருந்தால் அதில், இல்லையென்றால் டேப்பில்.

மறுதயாரிப்புப் பட்டைகள் ஒரிஜினலைவிட மெல்லியதாகவும், வளைவு கொஞ்சம் தள்ளியும் வருவது சகஜம். ஆகவே பெயிண்டுக்கு முன்பே ஒருமுறை எல்லாவற்றையும் மாட்டிப் பாருங்கள். தட்டுவதும் ராவுவதும் அப்போதே முடிந்துவிடட்டும். பெயிண்டுக்குப் பிறகு கோடு போட, உயரத்தை இரண்டு முனையில் மட்டும் அளந்து நூல் பிடித்தால் போதாது. இந்தக் கார்களின் பக்கங்கள் நேரானவை அல்ல. அளவில் சரியான கோடு கண்ணுக்குத் தொங்குவதுபோல் தெரியும். மாஸ்கிங் டேப்பால் முழு நீளக் கோட்டைப் போட்டு, நாலடி பின்னால் போய், குனிந்தும் நின்றும் பார்த்து, கண்ணுக்கு ஒப்பும் வரை நகர்த்துங்கள்.

கதவிடுக்கில் பட்டையின் முனையை 2, 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி நிறுத்துங்கள். வெளியே தெரியும் கீல் உள்ள பழைய மினிகளில் பெரிய தொல்லையில்லை. 1969-க்குப் பிறகு கீல் உள்ளே போன கதவுகளில், திறக்கும்போது முன் விளிம்பு இடுக்குக்குள் திரும்பும், துருத்திய பட்டை பக்கத்துத் தகட்டில் உரசும். டேப்பின் பின்தாளை உரிக்கும் முன், பட்டையை மாஸ்கிங் டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, ஒருவர் இடுக்கைப் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் கதவை மெதுவாக முழுதும் திறக்கட்டும்.